மேனேஜர் கொடுத்த வாஷிங் மிஷின்

தொட்டிக்காரன் வீடு எது என்று கேட்டால் அந்தத் தெருவில் யாரும் கை காட்டுவார்கள். பெயர் சொல்லிக் கேட்டால்தான் முழிப்பார்கள். பைபர் பட்டறையில் பதினேழு வருஷமாகக் குளியல் தொட்டி செய்கிறவன் அவன். கண்ணாடி இழைப் பாயை வெட்டி, அச்சின் மேல் விரித்து, பசையை பிரஷ்ஷால் பூசி, குமிழி நிற்காமல் உருளையால் உருட்டி, இறுகினதும் பெயர்த்தெடுத்து, ஓரத்தை அறுத்துத் தேய்த்தால் ஒரு தொட்டி. பெரிய பெரிய மனிதர்கள் கால் நீட்டிக் குளிப்பதற்கு இவன் ஒரு நாளைக்கு மூன்று செய்வான். இவன் குளிப்பது என்னவோ காது உடைந்த பிளாஸ்டிக் வாளியில். அதைச் சொல்லிச் சிரிப்பவனும் இவனே.

நல்ல மனுஷன், பொய் சொல்லக் கூடாது. குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை, மாமியாரைத் தன் வீட்டில் வைத்து முகம் சுளிக்காமல் சோறு போடுகிறவன். ஆனால் பெண்டாட்டி விஷயத்தில் அவனுக்கு ஒரு பொறாமை உண்டு. அது சாதாரணப் பொறாமை இல்லை. கண்டக்டர் சில்லறை கொடுக்கும்போது அவள் "தேங்க்ஸ்" என்று சொன்னதற்கு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன் அவன். "அவன் வேலைய அவன் செஞ்சான், அதுக்கு எதுக்கு தேங்க்ஸ்?" என்பது கட்சி. பதில் சொன்னால் மூன்றாவது நாளும் போய்விடும் என்று அவள் சும்மா இருந்துவிட்டாள்.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த மனைவிக்கு எங்கே வேலை? மூக்குக் கண்ணாடிக் கடையில். வருகிறவர்கள் மூக்கில் பிரேமை உட்கார்த்தி, காதுக்குப் பின்னால் கம்பி உறுத்துகிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்து, வளைத்துக் கொடுப்பது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் சேர்ந்தபோது தொட்டிக்காரன் ஒரு மாதம் வயிறு எரிந்து கிடந்தான். பிறகு தனக்குத் தானே ஒரு சமாதானம் கண்டுபிடித்துக்கொண்டான். வருகிறவன் காது வருகிறவனோடு போய்விடும், மறுநாள் அந்தக் காது அங்கே இருக்காது. அந்தச் சமாதானத்தில் ஐந்தரை வருஷம் ஓடியது.

ஆறு மாதத்துக்கு முன்னால் கடைக்குப் புது மேனேஜர் வந்தான். அவன் காது தினமும் அங்கேயேதான் இருக்கும்.

சாப்பிடும்போது அவள் "எங்க மேனேஜர்" என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் தொட்டிக்காரன் மனசுக்குள் ஒரு விரலை மடக்குவான். எங்க மேனேஜர் டீக்குச் சர்க்கரையே போடமாட்டார். எங்க மேனேஜர் யாரையும் வாடா போடான்னு பேசமாட்டார். ஒரு கை விரல் முடிந்து அடுத்த கைக்குப் போனால் அவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. ஒருமுறை அவளைக் கூட்டி வரக் கடைக்குப் போனபோது அந்த ஆளைப் பார்த்தும்விட்டான். மடிப்புக் கலையாத சட்டை. பக்கத்தில் வந்தால் சென்ட்டு வாசனை. கை கொடுத்தபோது அந்தக் கை வெண்ணெய் மாதிரி இருந்தது. தன் கையில் பசை காய்ந்து உரிந்த தோலை அந்த ஆள் பார்த்துவிட்டான் என்பது தொட்டிக்காரனுக்கு ஒரு வாரம் உறுத்தியது. அன்றிலிருந்து அவனுக்கு இவன் வைத்த பெயர் சென்ட்டுக்காரன். வெளியே சொல்வதில்லை, உள்ளுக்குள்தான்.

அந்தச் சென்ட்டுக்காரன்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை டெம்போவில் வாஷிங் மிஷினோடு வந்து இறங்கினான்.

அவன் வீட்டில் புதுசாகப் பெரிய மிஷின் வாங்கிவிட்டார்களாம். பழையது நன்றாக ஓடுகிறதாம். கடையில் வேலை செய்கிற யாருக்காவது சும்மா கொடுக்கலாம் என்று நினைத்தானாம். ஏழு பேரும் கேட்டதால் சீட்டுக் குலுக்கினானாம். இவள் பெயர் வந்ததாம். மாமியார் இதை வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள். "சீட்டுல வந்துச்சாம் மாப்பிள்ளை! எம் பொண்ணுக்கு அதிர்ஷ்டத்தப் பாருங்க."

"சீட்டு எழுதினது யாரு?" என்றான் தொட்டிக்காரன்.

"மேனேஜர்தான்."

"அப்ப ஏழு சீட்டுலயும் ஒரே பேர எழுதியிருப்பான்."

மாமியாருக்கு இது தமாஷாகப் பட்டது. சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. சென்ட்டுக்காரன் முட்டி போட்டு உட்கார்ந்து, மிஷின் ஆடாமல் இருக்கக் காலுக்கு அடியில் அட்டை வைத்து, குழாயைப் பொருத்திக் கொடுத்துவிட்டு, கை கழுவத் துண்டு கேட்டான். அவள் ஓடிப் போய் எடுத்து வந்து கொடுத்தது தொட்டிக்காரனின் துண்டை. வீட்டில் வேறு துண்டே இல்லையா என்ன?

இந்த இடத்தில் பட்டறை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலை உடுப்பு வீட்டுக்குப் போகாது. பட்டறையின் பின்பக்கம் ஒரு சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. சனிக்கிழமை வேலை முடிந்ததும் அவரவர் உடுப்பை அதில் அலசிப் பிழிந்து, அங்கேயே ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். கண்ணாடித் தூள் கண்ணுக்குத் தெரியாது, துணிக்குத் துணி தாவும். நேற்றுச் சேர்ந்தவனுக்கும் இது முதல் நாளே சொல்லப்படும். தொட்டிக்காரனே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறான். பதினேழு வருஷத்தில் அவன் கால்சட்டை ஒருநாள்கூட வீட்டு வாசலைத் தாண்டியதில்லை.

மிஷின் வந்த அடுத்த சனிக்கிழமை அந்தக் கால்சட்டையும் முழுக்கைச் சட்டையும் ஒரு பையில் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தன.

காரணம் ஒன்றும் பெரிசில்லை, சுத்தமான வயிற்றெரிச்சல். அந்த வாரம் முழுவதும் அவள் மிஷினைத் துடைப்பதும், அது சுற்றும்போது எதிரே நின்று பார்ப்பதும், "கை வலியே போயிடுச்சும்மா" என்று அம்மாவிடம் சொல்வதுமாக இருந்தாள். இருபது வருஷமாக வாளியில் துணி கும்மிய கை வலியை நான் போக்கவில்லை, இவன் வந்து போக்கிவிட்டானா? சரி, அவன் மிஷின்தானே, என் அழுக்கும் அதில் ஓடட்டும், ஓடி நாசமாய்ப் போகட்டும் என்று பட்டறையிலேயே மிக அழுக்கான உடுப்பை எடுத்து, வீட்டுத் துணியோடு சேர்த்துத் திணித்து, பொத்தானை அழுத்தினான். உள்ளே அவன் ஜட்டி, அவள் பாவாடை, மாமியார் ரவிக்கை, துண்டு எல்லாம் இருந்தன.

"இது என்னங்க, பட்டறை உடுப்பா?" என்றாள் அவள்.

"ஏன், உன் மேனேஜர் மிஷின் அதையெல்லாம் தொடாதா?"

"தொடாம என்ன? நல்லாப் போடுங்க. நீங்க துணி போடற அழகப் பாக்கவே ஒரு மிஷின் வேண்டியிருந்துச்சு." அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம். வாராவாரம் சனிக்கிழமை துணி போடுவது இவன் வேலை என்று ஆகிவிட்டது. அதை அவள் கடையில் வேறு சொல்லியிருக்கிறாள்.

இரண்டாவது சனிக்கிழமை கழிந்து நாலு நாளில் அரிப்பு ஆரம்பித்தது.

எங்கே என்று சொல்லித்தானே ஆக வேண்டும்? ஆண்குறியில். முன்தோலின் ஓரத்திலும், அதைப் பின்னுக்குத் தள்ளினால் தெரிகிற உள்பக்கத்திலும். முதலில் ஒரு குறுகுறுப்பு, பிறகு ஊசி குத்துவது போல் ஒரு சுருக். பாத்ரூம் விளக்கு வெளிச்சத்தில் குனிந்து பார்த்தான். தோல் சிவந்து, சின்னச் சின்னப் புள்ளி. சிறுநீர் பட்டால் எரிச்சல்.

பட்டறை அரிப்பு அவனுக்குத் தெரியாததா? சேர்ந்த முதல் மாதத்தில் கழுத்தும் முழங்கையும் பிய்த்துக்கொண்டு போகும், அப்புறம் தோல் பழகிவிடும். இவன் கையில் இப்போது கம்பளியை வைத்துத் தேய்த்தாலும் உறைக்காது. ஆகவே இது பட்டறை அரிப்பு இல்லை என்று அந்த நிமிஷமே தீர்ப்பு எழுதிவிட்டான். கைத்தோல் வேறு, அந்த இடத்துத் தோல் வேறு என்பது அவன் புத்திக்கு எட்டவில்லை. எட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மறுநாள் பட்டறையில் வக்கீலிடம் ஜாடையாகக் கேட்டான். வக்கீல் என்பவன் வக்கீல் இல்லை. உருளை பிடிக்கிறவன். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அந்தப் பெயர்.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு அந்த எடத்துல அரிக்குதாம். எதனால வரும்?"

வக்கீல் உருளையைக் கீழே வைத்தான். "தெரிஞ்சவருக்கு வெளிய பழக்கம் உண்டா?"

"சேச்சே. அப்படிப்பட்ட ஆள் இல்ல."

"அப்ப வீட்டுல இருக்கறவங்களுக்கு இருக்கும்," என்றான் வக்கீல், வானிலை சொல்வது போல. "அது தானா வராது. ஒருத்தர்கிட்டருந்து ஒருத்தருக்குத்தான் வரும்."

தொட்டிக்காரன் கையிலிருந்த பிரஷ்ஷை அலச மறந்தான். பிரஷ்ஷில் இருந்த பசை இறுகிக் கல்லாகிப் போனது. பதினேழு வருஷத்தில் அவன் வீணாக்கிய முதல் பிரஷ் அது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், அவள் அடுப்பு முன்னால் நின்று இடுப்பைச் சொறிந்துகொண்டிருக்கிறாள். பாவாடை கட்டுகிற இடத்தில், சுற்றிச் சுற்றி. ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கணக்கு முடிந்துவிட்டது. பாத்ரூமுக்குள் போனால் இன்னொரு அடி. சோப்பு மாறியிருக்கிறது. பத்து வருஷமாக வாங்குகிற பச்சை சோப்பைக் காணோம். வெள்ளையாக, வழவழவென்று, லேசான வாசனையோடு புதுசாக ஒன்று.

"எதுக்கு சோப்ப மாத்தினே?"

"சும்மாதாங்க. மாத்திப் பாக்கலாம்னு."

சும்மா! சென்ட்டு போடுகிறவனுக்குப் பச்சை சோப்பு வாசனை பிடிக்காதோ என்னவோ. கேட்டுவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்டு அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அந்த பயத்தில் வாயை மூடிக்கொண்டான். இடுப்பு வலி என்று சொல்லித் தலையணையையும் பாயையும் எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்ப் படுத்தான். அவள் தைலம் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கி ஜன்னல் மேல் வைத்தான், மூடிகூடத் திறக்கவில்லை.

அதற்கப்புறம் அந்த அப்பாவி உறுப்பு பட்ட பாடு இருக்கிறதே, ஐயோ பாவம். நோய் என்றால் கழுவிப் போக்கவேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டான். காலையில் ஒரு தரம், மத்தியானம் பட்டறையில் ஒரு தரம், வந்ததும் ஒரு தரம், படுக்கப் போகும்போது ஒரு தரம். அவள் வாங்கிய சோப்பைத் தொட ரோஷம் இடம் கொடுக்காததால், தனக்கென்று துணி சோப்பை வைத்துக்கொண்டான். மூன்றாம் நாள் தரை துடைக்கிற கிருமிநாசினியை ஒரு மூடி தண்ணீரில் கலந்து ஊற்றிப் பார்த்தான். ஊற்றின வேகத்தில் பாத்ரூமுக்குள் அவன் குதித்த குதியில் மாமியார் கதவைத் தட்டினாள். "வழுக்கிட்டீங்களா மாப்பிள்ளை?" பிறகு ஈரத்தோடு முகப் பவுடரை அள்ளிக் கொட்டினான். அது உள்ளே மாவாகக் குழைந்து ஒட்டிக்கொண்டது. மருந்துக்கடையில் வக்கீல் சொன்ன களிம்பு ஒன்றை வாங்கித் தடவினான். இரண்டு நாள் அடங்கின மாதிரி இருந்து, மூன்றாம் நாள் இரட்டிப்பாக வந்தது. அடிபட்ட தோல் உரிந்து, நடந்தால் உரசி, காலை அகட்டி வைத்து நடக்கவேண்டியதாகிவிட்டது.

இதற்கிடையில் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த மிஷினில் தன் உடுப்பை அவனே போட்டுச் சுற்றவிட்டான் என்பதை மறந்துவிடக் கூடாது. போடும்போது பல்லைக் கடித்துக்கொண்டு போட்டான்.

மூன்றாவது வாரம் ஒரு புதன்கிழமை, பட்டறையில் அரை நாள் சொல்லிவிட்டு, கண்ணாடிக் கடைக்கு எதிரே செருப்புக் கடையில் போய் நின்றான். செருப்புக் கடைக்காரர் பதினோரு ஜோடி எடுத்துப் போட்டார். இவன் எதையும் காலில் மாட்டவில்லை, கண் முழுக்க எதிர்க் கடையில். அங்கே கல்லாவுக்குப் பக்கத்தில் சென்ட்டுக்காரன் உட்கார்ந்திருந்தான். அவள் அவனுக்கு எதிரே நின்று, அவன் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றினாள். கம்பியைச் சூடு காட்டி வளைத்தாள். திரும்ப மாட்டி, இரண்டு காதுக்குப் பின்னாலும் விரலை விட்டுப் பார்த்தாள். அவன் ஏதோ சொன்னான். அவள் சிரித்தாள்.

அவளுடைய வேலையே அதுதான் என்று யாராவது அப்போது அவன் காதில் சொல்லியிருந்தால் அவர்களையும் அடித்திருப்பான்.

"இந்த ஜோடி சரியா இருக்கும் சார்," என்றார் செருப்புக் கடைக்காரர்.

"எனக்கு ஒண்ணும் சரியா இல்ல," என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தான். நடக்கும்போதே முடிவு செய்துவிட்டான். சந்தேகத்தின் பேரில் உறவை வெட்டிவிட அவன் ஒன்றும் கிறுக்கன் இல்லை. கையில் எழுத்து வேண்டும். டாக்டரிடம் எழுதி வாங்கி, அதை அவள் முன்னால் வைத்து, அவளையும் மாமியாரையும் அன்றைக்கே அனுப்பிவிடுவது. இருபது வருஷக் குடும்பம் ஒரு சீட்டில் நின்றது.

அங்கிருந்து நேரே போய்ப் பார்த்த டாக்டர் நடுவயசு. வரிசையில் பதினான்கு பேர் காத்திருந்தாலும் அவசரப்படாத மனிதர்.

"என்ன செய்யுது?"

"ஒரு சீட்டு வேணும் டாக்டர்."

"லீவுக்கா?"

"இல்லீங்க. எனக்கு வந்திருக்கற நோய் பொண்டாட்டிகிட்டருந்து வந்ததுன்னு எழுதிக் குடுக்கணும்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "மொதல்ல என்ன வந்திருக்குன்னு பாப்போம். யார்கிட்டருந்துன்னு அப்புறம் பாக்கலாம். அந்தத் திரைக்குப் பின்னால போங்க."

கையுறை மாட்டி, டார்ச் அடித்து, முன்தோலை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தார். "புண் இல்ல, கொப்புளம் இல்ல, சீழ் இல்ல, நெறியும் கட்டல. தோல் எரிச்சல்பட்டு உரிஞ்சிருக்கு. என்ன போட்டுக் கழுவறீங்க?"

தொட்டிக்காரன் வரிசையாகச் சொன்னான். கிருமிநாசினி வந்ததும் டாக்டர் டார்ச்சை அணைத்துவிட்டார்.

"என்னய்யா இது, ஆஸ்பத்திரித் தரைக்குக்கூட இவ்ளோ போடமாட்டோம். வீட்டுல அவங்களுக்கு ஏதாவது தொந்தரவு உண்டா?"

"இருக்கு டாக்டர்!" இதற்காகத்தானே காத்திருந்தான். "அவளுக்கும் அரிக்குது. இடுப்பைச் சுத்தி. நானே கண்ணால பாத்தேன்."

"இடுப்பைச் சுத்தியா? வீட்டுல வேற யாருக்காவது?"

"மாமியாருக்கு முதுகு. சுவத்துல தேச்சுக்கறாங்க."

"அப்ப மாமியாருக்கு யார்கிட்டருந்து வந்துச்சுன்னு எழுதட்டும்?"

தொட்டிக்காரன் திரைத் துணியின் ஓரத்தைப் பிடித்து நிமிண்டினான்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"பைபர் பட்டறை. குளியல் தொட்டி."

டாக்டர் நாற்காலி மேல் கிடந்த அவனுடைய ஜட்டியை இரண்டு விரலால் எடுத்து, உள்பக்கத்தைத் திருப்பி, டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தார். இடுப்புப் பட்டியின் தையலுக்குள் மினுக்மினுக்கென்று முடியை விட மெல்லிசாக நூறு ஊசி. யாரும் அவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பதினேழு வருஷமாகக் கையாள்கிற சரக்கு.

"வேல உடுப்பையும் இதையும் ஒண்ணாத் தொவைக்கறீங்களா?"

"ஆமாங்க."

"எப்பருந்து?"

"ஒரு மாசம் இருக்கும். மிஷின் வந்ததுலருந்து."

"அதுக்கு முன்னால?"

"பட்டறையிலயே அலசிடுவோம். வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாதுன்னு கண்டிஷன்."

"அப்புறம் ஏன் கொண்டு போனீங்க?"

தொட்டிக்காரன் கால்சட்டையை இழுத்து மாட்டிக்கொண்டான். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. டாக்டரும் வற்புறுத்தவில்லை. மேஜைக்குத் திரும்பி வந்து நிதானமாகச் சொன்னார். ஆரம்பிச்சு வெச்சது கண்ணாடித் தூள், பெரிசாக்கினது சோப்பும் மருந்தும். அந்த இடத்துக்கு வெறும் வெதுவெதுப்பான தண்ணி போதும், ஒரு நாளைக்கு ஒரு தரம். தோலை வலிக்காமல் எவ்வளவு போகுமோ அவ்வளவு தள்ளி, தண்ணி விட்டு, துண்டால் ஒத்தி எடுத்து, ஈரம் போனதும் தோலைப் பழையபடி முன்னுக்குக் கொண்டு வந்துவிடணும். தேய்க்கக் கூடாது. சோப்பு, பவுடர், கிருமிநாசினி எதுவும் வேண்டாம். களிம்பைத் தூக்கிப் போடுங்க. ஜட்டி பருத்தியில், இறுக்கம் இல்லாம. ஆறும் வரைக்கும் வீட்டுக்காரியோட சேர்றதைத் தள்ளிப் போடுங்க.

"பட்டறையில ஒண்ணுக்குப் போனா எப்பக் கை கழுவுவீங்க?"

"போயிட்டு வந்து."

"போறதுக்கு முன்னாலயும் கழுவணும். அழுக்கு அங்க இல்ல, உங்க கையில இருக்கு."

பதினேழு வருஷத்தில் இது ஒருநாளும் அவனுக்குத் தோன்றியதில்லை. பட்டறையில் யாருக்கும் தோன்றியதில்லை.

"சுகர் ஒரு தரம் பாத்துக்கங்க, அந்த எடத்துல எரிச்சல் வர்றவங்க பாக்கறது நல்லது. ரெண்டு வாரத்துல கொறையலைன்னாலோ, புண்ணு, சீழ் ஏதாவது வந்தாலோ, மறுபடி வாங்க. ஒருத்தர்கிட்டருந்து ஒருத்தருக்கு வர்ற நோயும் இருக்கத்தான் செய்யுது, அதுக்கு டெஸ்ட் உண்டு. உங்களுக்கு இருக்கறது அது மாதிரி தெரியல." பேசிக்கொண்டே சீட்டில் கோழி கிண்டின எழுத்தில் நாலைந்து வரி எழுதி நீட்டினார். "நீங்க கேட்ட சீட்டும் இதுலயே இருக்கு."

அவன் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான். படிக்க முயற்சி செய்யவில்லை. முயன்றிருந்தாலும் அந்தக் கிறுக்கல் அவனுக்குப் புரிந்திருக்காது.

வீட்டுக்கு வந்து செய்த முதல் வேலை, மிஷினுக்குள் இருந்த வடிகட்டிப் பையைக் கழற்றிப் பார்த்தது. சாம்பல் நிறப் பஞ்சு, ஜன்னல் வெளிச்சத்தில் மினுங்கியது. குழாயடியில் அலசினான். மிஷினை வெறும் தண்ணீரில் ஓடவிட்டான். வீட்டில் இருந்த உள்துணி, துண்டு, ரவிக்கை எல்லாவற்றையும் வாசலில் உதறி, வாளியில் ஊறப்போட்டான். மாமியார் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள், நல்ல வேளை. அவனுக்குச் சிரிப்புகூட வந்தது. நல்ல காலம், வாயை விட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. இன்றைக்கே பாயை உள்ளே கொண்டு போய்விடலாம், ஆறும் வரைக்கும் சும்மா பக்கத்தில் படுத்துக்கொண்டால் போகிறது.

இருட்டும் முன்பே அவள் வந்துவிட்டாள். வாசல் முழுக்க வாளியும் ஈரத் துணியுமாக அவன் நடுவில் நிற்பதைப் பார்த்துப் பையைக்கூட இறக்காமல் நின்றாள்.

"என்னங்க இது? இன்னிக்கு புதன்கிழமை."

"டாக்டர்கிட்டப் போனேன். பட்டறைத் தூள் துணியில ஒட்டி அரிப்பு வந்திருக்காம். உனக்கு, உங்கம்மாவுக்கு, எல்லாருக்கும் அதான். இந்தா, எழுதிக் குடுத்திருக்கார் பாரு." சீட்டை நீட்டினான். தன் வாயால் சொல்ல வெட்கப்பட்டதைச் சீட்டே சொல்லிவிடும் என்று நினைத்தான்.

அவளுக்கு டாக்டர் எழுத்து தண்ணீர் பட்ட பாடு. தினம் இருபது முப்பது கண் டாக்டர் சீட்டைப் படித்துக் கண்ணாடி எடுத்துக் கொடுக்கிறவள். கையில் வாங்கினதும் கடையில் படிக்கிற மாதிரியே சத்தமாக ஆரம்பித்தாள்.

"ஆண்குறித் தோலில் எரிச்சல். மூன்று வாரம். கண்ணாடித் தூள், சோப்பு. வேலை உடுப்பைத் தனியாகத் துவைக்கவும். வெறும் தண்ணீரால் கழுவவும். உலர வைக்கவும்." அவள் குரல் இறங்கியது. "கேட்டுக்கொண்டபடி எழுதுவது: இது மனைவியிடமிருந்து வந்தது அல்ல."

மிஷின் தண்ணீரை இழுத்துக்கொண்டு சுற்றியது. அவள் கடைசி வரியை மறுபடி ஒரு தரம், இந்தத் தடவை மனசுக்குள், படித்தாள்.

"யாரு கேட்டுக்கிட்டது?"

அவன் வாளியில் கிடந்த துண்டை எடுத்துப் பிழிந்தான்.

"மூணு வாரமா இடுப்பு வலின்னு வெளிய படுத்தீங்களே, அது இதானா?"

"ம்."

"யாருன்னு நெனச்சீங்க?"

அவன் கண் தானாக மிஷின் பக்கம் போயிற்று. அவள் அந்தக் கண்ணைத் தொடர்ந்து பார்த்தாள். புரிந்துவிட்டது.

"பதினேழு வருஷமா வராத துணி திடீர்னு வீட்டுக்கு வந்ததும் அதனாலதானா? நீங்க என் வேலைய எனக்காகச் செய்யறீங்கன்னு நெனச்சுக் கடையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தேனே." அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும். "எனக்கும் அரிச்சுச்சுங்க. நீங்க பாயத் தூக்கிட்டு வெளிய போயிட்டீங்க, பாத்ரூமுக்குள்ள மணிக்கணக்கா கழுவறீங்க, என் மூஞ்சியப் பாக்கமாட்டேங்கறீங்க. நெனைக்கணும்னா நானும் எவ்வளவோ நெனைச்சிருக்கலாம்."

சீட்டை நாலாக மடித்து அவன் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்தாள்.

"நான் சோப்பைத்தான் சந்தேகப்பட்டேன்."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். தோல் பத்து நாளில் ஆறிவிட்டது. பாய் முன்னறையிலேயே இன்னும் ரொம்ப நாள் கிடந்தது.